காணாமல் போன பேட்டரி

“என் ரேடியோ பேட்டரியை யாருக்குடி வித்தே?”

கட்டுப்போட்ட காலைக் கட்டிலில் நீட்டியபடி கேட்டாள் ஒக்டேவியா. மருமகள் வெர்னீஸ் நிமிராமல் சேப்பங்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“விக்கலை அத்தே. நம்ம நிவாரணப் பையில பேட்டரியே வரலை.”

“எதிர்வீட்டுக்கு வந்திருக்கு, பின்வீட்டுக்கு வந்திருக்கு, நமக்கு மட்டும் வரலையா? சரி, ரேடியோவுக்குள்ள இருந்த பழசு எங்கே? கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?”

வெர்னீஸின் கண்கள் சிவந்திருந்தன. “ஈர விறகுப் புகை” என்றாள். கேட்காமலே காரணம் சொல்கிறவர்களைச் சந்தைக்கடையில் உட்கார்ந்து நிறையப் பார்த்தவள் ஒக்டேவியா.

புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கூரைக்குப் பதிலாக நீலத் தார்ப்பாய் வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் ரேடியோவில் சாவு அறிவிப்பு கேட்காமல் டொமினிக்காத் தீவில் ஒருத்தி எப்படி இருப்பாள்? அதுவும் இப்போது! மலைக்கு அந்தப் பக்கம் தங்கை இருக்கிறாள். ரோடும் இல்லை, போனும் இல்லை. தங்கையின் பெயரை வாசிக்கவில்லை என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நிம்மதியையும் இந்தத் திருடி விற்றுவிட்டாளே!

“என் மகன் துறைமுகத்துல மூட்டை இறக்கிட்டு வரட்டும். உன் வண்டவாளத்தை எல்லாம் எடுத்து விடறேன்.”

“சொல்லுங்க அத்தே.” கத்தியை வைத்துவிட்டு வெர்னீஸ் விருட்டென்று வெளியே போனாள்.

ஊரே இதில் கூட்டு என்று ஒக்டேவியாவுக்குப் பட்டது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத பக்கத்து வீட்டு ஹூபர்ட், சுட்ட மீனோடு வந்து நின்றான்.

“என்னடா அதிசயமா இருக்கு?”

“சும்மாதான் அக்கா, சாப்பிடு” என்றவன், முகத்தைப் பார்க்காமல் நழுவி, வேலியோரம் வெர்னீஸோடு குசுகுசுத்தான். ஓகோ, பேட்டரிக்கு விலை மீனா!

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸும் உதட்டைப் பிதுக்கினாள். “மாத்திரை வர்ற படகு இன்னும் வரலை. அதுவரைக்கும் எதுக்கும் பதறக்கூடாது.”

“பதற வைக்கிறவகிட்ட போய்ச் சொல்லு!”

சாயங்காலம் வெர்னீஸ் துணி துவைக்க ஆற்றுக்கு இறங்கியிருந்தபோது, வாசலில் ஒரு வாலிபன் தண்ணீர் கேட்டான். சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்த அன்று காலைதான் பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவிலிருந்து வந்தவன். வெளியூர்க்காரன்! சதியில் சேராத ஒரே ஆள்.

“தம்பி, டார்ச் வெச்சிருக்கியா? அந்த பேட்டரியைக் கொஞ்ச நேரம் குடேன். என் மருமக என் ரேடியோவைப் பட்டினி போட்டுட்டா.”

அவன் சிரித்துவிட்டான். “சாவு அறிவிப்புக்குத்தானே? எங்கம்மாவும் அந்த நேரத்துல யாரையும் பேச விடமாட்டாங்க.”

பேட்டரி உள்ளே போனதும் ரேடியோ கரகரத்தது. சத்தம் கேட்டு வெர்னீஸ் சோப்பு நுரைக் கையோடு மேடேறி ஓடிவந்தாள்.

“அத்தே, அணைச்சிடுங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!”

“பாத்தியா தம்பி? கள்ளி மாட்டிக்கிட்டா!” ஒக்டேவியா ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

கரகரப்புக்கு நடுவே பாதியிலிருந்துதான் குரல் வந்தது. “...படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்து காலமானார். அன்னாருக்கு வயது முப்பத்து நான்கு.”

ஆண்பிள்ளை. தங்கை இல்லை. ஒக்டேவியா நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“எவ பெத்த பிள்ளையோ, பாவம்!”

வெர்னீஸ் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அறிவிப்பாளர் நிதானமாக வாசித்துக்கொண்டே போனார்.

“அன்னாரைப் பிரிந்து வாடுவோர், பெல்வீ கிராமத்தைச் சேர்ந்த தாயார் ஒக்டேவியா லரோன்ட், மனைவி வெர்னீஸ்...”