பாண்டிருப்பு வேம்பு

"மஜீட் காக்கா, மரம் எங்கயிருந்து வருது? லொறி எவ்வளவு தூரம் ஓடுது? மரத்தூளை எரிக்கிறீங்களா?"

துஷாந்தினி கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள். வெளிநாட்டு உதவியில் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தின் சுற்றாடல் அதிகாரி அவள். ஒரு கதவு செய்ய எவ்வளவு டீசல், எவ்வளவு புகை என்று அளந்து அறிக்கை கொடுப்பாள். குறைவாக வருகிறவருக்குத்தான் கதவு, ஜன்னல் ஓடர்.

கதவு டீசல் குடிக்குமா என்று மஜீட் முதலில் சிரித்தவர்தான். ஆனால் மரம் வரும் காட்டுப் பாதையை மூடியதிலிருந்து கல்முனையில் அவர் பலகை அரிந்து விற்கும் மரக்காலை ஈயோட்டிக்கொண்டிருந்தது. இந்த ஓடரும் கைநழுவினால் மரம் அரியும் மெஷினை விற்க வேண்டியதுதான்.

"லொறியா? எல்லாம் பக்கத்துப் பாண்டிருப்பு வேம்பு மிஸ். மாட்டுவண்டிலதான் வரும். தூளக் கோழிக்கூட்டுக்கு அள்ளிட்டுப் போயிருவாங்க."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க. இஞ்ச ஒரு பலகையும் காணல்லையே. கண்ணால பாக்காம எழுத ஏலாது."

மஜீட் தலையைச் சொறிந்தார். பிறகு, வருவது வரட்டும் என்று அவளைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு புதுக் கல்வீடு குடிபுக ஆளில்லாமல் நின்றது. கதவு, ஜன்னல் எல்லாம் பளபளவென்று வார்னிஷ்.

"இது முதிரையெல்லோ? காட்டு மரம்!" துஷாந்தினி முகம் சுளித்தாள்.

படலைப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மஜீட் உளியால் கதவு நிலையின் வார்னிஷைச் சுரண்டினார். அவள் குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள், நாடாவால் அளந்தாள். கடைசியில் சிரித்தாள்.

"வேம்புதான். ஓடர் உங்களுக்குத்தான் காக்கா."

"நான் சொன்னேனே மிஸ்! வீடு முழுக்க வேம்பு! ஒரு துண்டு முதிரை கிடையாது!" சந்தோஷத்தில் மஜீட் கத்தியேவிட்டார்.

பின்னால் யாரோ செருமினார்கள்.

பாலமுனை அபூசாலி. மஜீடின் மகள் ஸகியாவைத் தன் கட்டார் இஞ்சினியர் மகனுக்கு எடுக்கப்போகிறவர். விலை கூடிய முதிரைக் கதவு போட்ட சீதன வீடு என்று பேசி முடித்தவர், அந்த வீட்டைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

மஜீடின் கையிலிருந்து உளி விழுந்தது. "மச்சான்... காட்டுப் பாதைய மூடினதால..."

அபூசாலி சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு மஜீடின் தோளில் கை போட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! எப்பிடிச் சொல்றெண்டு தெரியாம நித்திரையே இல்ல மச்சான். கட்டார்ல எங்கட மகன் இஞ்சினியர் இல்ல, லொறிதான் ஓட்டுறான்."