கஷாயத்தின் மகிமை

அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மடித்த காகிதத்திலிருந்த வெள்ளைப் பொடியைக் கணவரின் கஷாய டம்ளருக்குள் தட்டினாள் அவள். கூடத்தில் ஒரு செருமல் கேட்டாலும் உயிர் போய் உயிர் வந்தது. நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இப்படிச் செய்கிறோமே என்ற உறுத்தல் வேறு.

"ஆச்சா? இல்ல, மல்லியை விதைச்சு முளைச்சு வரணுமா?" என்றது கூடத்துக் குரல்.

"இதோ வந்துட்டேங்க!" என்றவள், கடைசித் துகளும் கரையும்வரை கலக்கினாள்.

விஷமெல்லாம் இல்லை. பிரஷர் மாத்திரைதான்.

பத்து மாதத்துக்கு முன் தலை சுற்றிக் குளியலறையில் சாய்ந்தவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. "எழுபது வருஷமா மாத்திரை படாத உடம்பு இது. இயற்கையிலேயே இறக்கிக் காட்டறேன் பார்!" என்று அட்டையோடு குப்பையில் வீசினார் மனுஷர். பூண்டு, மல்லி, செம்பருத்திப் பூ எல்லாம் போட்டு அவரே ஒரு கஷாயத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

டாக்டரோ அவளைத் தனியே அழைத்துப் பயமுறுத்திவிட்டார். "ஒரு நாள் விட்டாலும் ஆபத்தும்மா, பக்கவாதம் வந்துடும். கையில இருக்கிறது நழுவினா, பேச்சு குழறினா, ஒரு நிமிஷம் யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க." அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தத் திருட்டு வேலை.

இதில் பெரிய கண்டம் அவருடைய நாக்கு. தேயிலைக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் ருசி பார்த்த நாக்கு. ஒரு வாய் உறிஞ்சினால் போதும். எந்த மலைச்சரிவு, பறித்த அன்று மழையா வெயிலா, பறித்தவள் இடது கைக்காரியா என்பதுவரை சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் வயசானால் கண்ணைப் போல நாக்கும் மங்கிவிடும் போலிருக்கிறது. மூன்று மாதமாகச் சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்தும் அவர் வாயே திறக்கவில்லை. மாத்திரையா தெரியப் போகிறது?

பிரஷர் மட்டும் மளமளவென்று இறங்கிவிட்டது. அவர் அதை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். காலையில் பூங்காவுக்கு நடக்க வருகிற அத்தனை வலிக்கிற முழங்கால்களும் இப்போது வீட்டுக்கு வீடு கஷாயம் காய்ச்சுகின்றன.

டம்ளரோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள். மாடி வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தூங்கும்போதுகூட வாய் மூடாதவர் என்று தெருவே கூடி அவருக்கு வைத்த பெயர் ரேடியோ.

"வா தங்கச்சி! டீ மாஸ்டரோட அமிர்தம் இதுதானா?"

"டீ மாஸ்டர் இல்லய்யா, டீ டேஸ்டர்!" என்றார் கணவர், ஆயிரத்து ஓராவது தடவையாக.

"ஏதோ ஒண்ணு. எனக்கு லோ பிரஷர்ப்பா, ஆளையே சாய்க்குது. நாற்காலியை விட்டு எழுந்தா கண்ணு இருட்டுது." சொல்லிக்கொண்டே ரேடியோ அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்பது மரியாதைக்கு. பிடுங்கினார்.

"அண்ணே, அது அவருக்கு! உங்களுக்கு வேற கொண்டாரேன்!"

"அவன் தினம் குடிக்கிறான். ஒரு நாள் எனக்குக் குடுத்தா தேய்ஞ்சா போயிடுவான்?"

"உங்களுக்கு லோ பிரஷர்ணே. ஒத்துக்காது..."

"இயற்கை, தங்கச்சி! அது யாரை என்ன பண்ணிடும்? ஏறினவனுக்கு இறக்கும், இறங்கினவனுக்கு ஏத்தும்!"

டம்ளர் உதட்டருகே போய்விட்டது. சொன்னால் பத்து மாத ரகசியம் போச்சு. கணவர் இனி அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சொல்லாவிட்டால் இந்த மனுஷர் மாடிப்படியில் உருண்டுவிடுவார்.

"அண்ணே, அதுல..." என்று தொடங்கியேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்த கணவரின் கை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தது. அது ரேடியோவின் முழங்கையில் மோத, டம்ளர் எகிறித் தரையில் உருண்டது. கஷாயம் முழுக்க ரேடியோவின் வெள்ளைச் சட்டையில்.

"அடப்பாவி! சுடுதுய்யா!"

"கை தவறிடுச்சுப்பா."

ரேடியோ சட்டையை உதறிக்கொண்டு மாடியேறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு விழுந்தது.

அவளோ கணவரின் கையையே பார்த்தாள். எப்பேர்ப்பட்ட கை அது! விளிம்புவரை நிரம்பிய கிண்ணங்களை நாளெல்லாம் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாத கை. இன்றைக்கு மாத்திரையும் சட்டையோடு போச்சு, கையும் தவறிவிட்டது.

"ஏங்க, ரெண்டு கையையும் மேல தூக்குங்க!"

"என்னடி, போலீஸா நீ?" என்றாலும் தூக்கினார்.

"இப்பச் சிரிங்க!"

"எதுக்கு?"

"வாய் கோணுதான்னு பார்க்கணும். சிரிங்கன்னா!" அவள் குரல் உடைந்தது. "வண்டியைக் கூப்பிடறேன். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேங்க. பத்து மாசமா உங்களுக்குத் தெரியாம..."

அவர் குனிந்து, தரையில் கிடந்த டம்ளரை எடுத்தார். அதை அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி செய்தித்தாளை விரித்தார்.

"அழுகையெல்லாம் அப்புறம். போய் இன்னொரு மாத்திரையை நுணுக்கிப் போட்டு எடுத்துட்டு வா."