மயிலைக் காளை கேஸ்

“மோசக்காரன் வக்கீலய்யா! வெள்ளைச் சட்டை போட்ட மோசக்காரன். முடிவைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டே பந்தயம் கட்டியிருக்கான். அவன் மேல கேஸ் போடணும்!”

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த வேகத்தில் கருப்புசாமி கத்தினார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் வண்டிக்காரர்.

வக்கீல் பொன்னுத்துரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“செத்த உக்காரும். எவன் மேல கேஸ்?”

“காய்கறி மண்டி அருள்நாதன் மேல.”

வக்கீல் பேப்பரை மடித்தார்.

“தராசுல ஒரு கத்திரிக்காய் ஏமாத்தாத ஆளாச்சேய்யா! என்ன பந்தயம்?”

“அமெரிக்கா எலெக்சன்.”

“அமெரிக்காவுக்கும் ரெட்டியார்சத்திரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“அதை அந்தாளைக் கேளுங்க. கென்னடி தங்களாட்டம் வேதக்கோயில்காரருன்னு மண்டியில ஒரு மாசமா அதே பேச்சாம். கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறதென்ன, ரேடியோ முன்னால தவம் கிடக்குறதென்ன! கென்னடி ஜெயிச்ச சேதி, பந்தயம் கட்டுன அன்னைக்கு விடியக்காலையிலயே ரேடியோவுல வந்திருச்சு. அதைக் கேட்டுட்டு, ஒண்ணுந்தெரியாத பிள்ளை மாதிரி மார்க்கெட்டுக்கு வந்து, நாலு பேரு பார்க்க என்கிட்ட பந்தயம் கட்டுறான். ஊருக்குப் பேப்பர் வந்தது அப்புறந்தான். நேத்து அவன் கணக்குப்பிள்ளை வாய் தவறிச் சொல்லப் போய் எனக்கே தெரிஞ்சுது.”

“என்ன வச்சுக் கட்டினது?”

“மாடு. மயிலைக் காளை. ஆறு பல்லு, நல்ல இளவயசு.”

“அடப் பாவமே! வண்டிக்காரன்கிட்டப் போயி மாட்டுலயா விளையாடுறது?”

“அதை நெனச்சா எனக்குச் சோறு இறங்கலைங்கய்யா.”

வக்கீலுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்.

“கோவம் நியாயந்தான்யா. ஆனா பந்தயத்துல போனது வந்தது எதுவும் கோர்ட்டுல நிக்காது. நின்னாலும் கேட்க ஆள் இல்லை. கோர்ட்டு முன்சீப்பு மாத்தலாகிப் போனது ஆடியில. கார்த்திகை வந்திருச்சு. அமெரிக்காக்காரன் நாட்டுக்கே ஆள் பிடிச்சிட்டான், இங்க ஒத்தை நாற்காலிக்கு ஆள் வரலை. சேவல் நேரங்கெட்டுக் கூவுதுன்னு ஒருத்தன், பக்கத்து வீட்டு முருங்கை நிழல் தன் களத்துல விழுதுன்னு ஒருத்தன்... எல்லாக் கேஸும் தூங்குது. அதுக்குப் பின்னாலதான் உம்ம மாடு.”

“நிக்கட்டும்யா. நான் விடுறதா இல்லை.”

வக்கீல் யோசித்தார். குமாஸ்தாவை மண்டிக்கு அனுப்பி, அருள்நாதனைக் கையோடு கூட்டிவரச் சொன்னார்.

தோளில் வெங்காயச் சருகோடு வந்து நின்றார் அருள்நாதன். கருப்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏன்யா, ரேடியோவுல சேதியைக் கேட்டுட்டுத்தான் இவர்கிட்ட பந்தயம் கட்டினீரா?”

அருள்நாதன் கருப்புசாமியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“ஆமாங்க.”

“ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசைக்குப் போற மனுசன். வெக்கமா இல்லை?”

“சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேங்க.”

“அங்க சொல்லிட்டா ஆச்சா? உழைச்சுத் திங்கிற மனுசன் வயித்துல அடிச்சிட்டு! மரியாதையா அந்த மாட்டைக் கொண்டாந்து இவர் வண்டியில பூட்டும்.”

“பூட்டித்தாங்க இருக்கு.”

“எங்க?”

“உங்க வாசல்லதான்.”

வக்கீல் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கருப்புசாமியின் வண்டியில், ஒரு செவலை மாட்டுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் வாட்டசாட்டமாக ஒரு மயிலைக் காளை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

“அப்ப பந்தயத்துல ஜெயிச்சது யாருய்யா?”

“நாந்தான்!” கருப்புசாமி அலறினார். “எனக்கு அந்த ரெண்டு பேரையும் யாருன்னே தெரியாதுங்கய்யா. ‘நீ கென்னடியை வச்சுக்க, நான் நிக்சனை வச்சுக்கிறேன். நான் தோத்தா என் காளை, நீ தோத்தா உன் சேவல்’னு இந்தாளுதான் பிரிச்சுக் கொடுத்தாரு. மெழுகுவத்தி ஏத்துனது ஒருத்தனுக்கு, மாட்டைக் கட்டுனது இன்னொருத்தன் மேல! தோக்குறதுக்குன்னே கட்டியிருக்காருய்யா!”

அருள்நாதன் தொண்டையைச் செருமினார்.

“இவரு ஜோடியில ஒண்ணு புரட்டாசியில செத்துப்போச்சுங்க. ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு வண்டி ஓட்டமில்லாமக் கிடந்துச்சு. என் காளையைச் சும்மாவே ஓட்டிக்கப்பான்னு சொன்னேன். ‘என்னைக் கோயில் வாசல்ல தட்டேந்த விடுறியா’ன்னு துண்டை உதறிட்டுப் போயிட்டாரு. வேற எப்படிங்க கொடுக்கிறது?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“கருப்புசாமி, உம்ம கேஸை நான் எடுத்துக்கிறேன்.”

“நிக்காதுன்னீங்க?”

“தோத்தவன் போட்டாத்தான் நிக்காது. ஜெயிச்சவன் போட்டா என்னன்னு இனிமேத்தான் புஸ்தகத்தைப் பார்க்கணும். ஆனா ஒண்ணு. புது முன்சீப்பு வந்து தீர்ப்புச் சொல்ற வரைக்கும் மாடு யார்கிட்ட இருக்கோ அங்கேயேதான் இருக்கணும். தீனி வைக்கணும், தினம் வண்டியில பூட்டணும். சும்மா கட்டிப்போட்டு மாடு கெட்டுப்போச்சுன்னா கோர்ட்டு உம்மைத்தான் கேட்கும்.”

அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

கருப்புசாமி விறுவிறுவென்று வெளியே போனார். வண்டியில் ஏறுமுன் மயிலையின் கழுத்தை ஒரு தடவு தடவினார். பிறகு ஜன்னலைப் பார்த்துத் தெருவே திரும்பும்படி கத்தினார்:

“அப்ப ஒரு முன்சீப்பைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கய்யா! வந்து, இந்தாளை ஒரு தடவையாச்சும் நேர்மையா ஜெயிக்க வைக்கட்டும்!”