இளவரசனின் வெள்ளை விரல்

பெரிய நகரத்து மெழுகுச்சிலைக் காட்சிசாலையில், மடியில் குழந்தையோடு ஒரு மெழுகு ராணி உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்த ஒருத்தி அவளை மாதா என்று நினைத்து, குழந்தையின் காலருகே மெழுகுவத்தி ஏற்றி வைத்துக் கும்பிட்டுப் போனாள்.

“ஐயோ, பிள்ளையோட கால் சுண்டுவிரல் உருகுதே! தள்ளிப் போயேன்டி!” என்று ராணி பதறினாள்.

“தள்ளிப் போக எனக்குக் காலா இருக்கு? கத்தாதீங்க அக்கா, இருங்க” என்றது மெழுகுவத்தி. மடமடவென்று தன்னை உருக்கி, உருகியதிலேயே திரியைச் சாய்த்து அணைந்துவிட்டது.

மறுநாள் சிற்பி வந்து, மிஞ்சிக் கிடந்த மெழுகுவத்தித் துண்டைப் பிசைந்து, குழந்தைக்குப் புது விரல் வைத்தார்.

“இந்த ஒரு விரல் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?” என்று வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம், ராணி மகனிடம் மெல்லச் சொல்கிறாள்: “அது உன் சித்திடா, கண்ணு.”