அறுபதோடு நிற்பவர்

மதியம் மூன்றே காலுக்கு ஏசுபாதத்தின் அறுபதாவது மெயில் வந்தது. அதோடு நின்றது.

"பாத்தீங்களா, இன்னிக்கும் அறுபது," என்றார் அசரியா. "நேத்தும் அறுபது, முந்தாநேத்தும் அறுபது. மனுஷன்னா ஒரு நாள் அம்பத்தெட்டு வரும், ஒரு நாள் அறுபத்திரண்டு வரும். இது மிஷின், சாவித்ரி."

சாவித்ரி மறுபடி எண்ணிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது அவளும் அசரியாவும் இருந்த குழு. இலவசம், உள்ளே இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். நாற்பது பேர், பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஒருவர் எழுதும் மெயில் நாற்பது பேருக்கும் போகும். அந்த மெயில்களைக் கட்டி மேய்ப்பது குரோம்பேட்டையில் சாவித்ரியின் வீட்டுக் கம்ப்யூட்டர்.

அது பெருகிப் பெருகி ஒரு நாளைக்கு ஐந்நூறு ஆனது. டெலிபோன் லைனில் இறக்கவே ஒரு மணி நேரம். உருப்படியான விஷயமெல்லாம் வாழ்த்துக்கும் வம்புக்கும் அடியில் புதைந்துபோக, ஏழு பேர் கும்பிடு போட்டுவிட்டு விலகினார்கள். போன மாதம் அவள் ஒரு விதி போட்டாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மெயில். மெயிலுக்கு அடியில் பேர், ஊர் என்று நாலு வரி கையெழுத்தெல்லாம் வேண்டாம். மீறினால் நீக்கம்.

எல்லோரும் அடங்கினார்கள், ஏசுபாதத்தைத் தவிர. இரண்டு முறை எச்சரித்தாள். இரண்டு முறையும் ஒரே பதில்: 'விதி ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை.'

விசித்திரமான ஆசாமி. காலை ஒன்பது மணிக்கு மென்பொருளில் ஒரு பிழையைப் பணிவாகச் சுட்டிக்காட்டுவார். பத்தரைக்குச் சண்டைக்கு நிற்பார். பதினொன்றுக்கு, தான் எழுதியதைத் தானே அபத்தம் என்று கிழிப்பார்.

"காசுக்கு சாஃப்ட்வேர் விக்கிற எவனோ நம்மள மூழ்கடிக்கப் பாக்கறான்," என்றார் அசரியா. "அதுவும் கரெக்டா இந்த வாரம்."

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை தன் சிடியில் அவர்கள் மென்பொருளைச் சேர்க்க ஒப்புக்கொண்டிருந்தது. இன்று ஆறு மணிக்கு ஆள் வந்து வாங்கிப்போவார். ஆனால் ஒரு பிழை மட்டும் பத்து நாளாக யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் அடித்துச் சேமித்தால், அடித்ததெல்லாம் காணாமல் போனது. அதை வைத்துக்கொண்டு கொடுத்தால் இரண்டு வருட உழைப்பைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

"அட்ரஸ் இருக்கு," என்று சாவித்ரி எழுந்தாள். "முகத்தைப் பாத்துட்டே நீக்கிடறேன்."

அசரியாவின் ஸ்கூட்டரில் கிழக்குத் தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது நாலரை. சந்துக்குள் ஒரு பழைய மாடி. படியில் கால் வைக்கும்போதே மேலேயிருந்து சத்தம் கேட்டது, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விடாமல் கொட்டுவதைப்போல.

"சொன்னேன்ல," என்று அசரியா கிசுகிசுத்தார். "மிஷின்."

மிஷின்தான். வரிசையாகத் தமிழ் டைப்ரைட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள். மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், உறை போட்டு மூடியிருந்தது.

"ஏசுபாதம் யாரு?" என்று கேட்டாள் சாவித்ரி.

சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முன்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். "இன்ஸ்டிடியூட் ஓனரு, மேடம். ஒரு வாரமா ஊர்ல இல்ல. நான் செல்வமேரி. இன்னா வேணும்?"

"ஊர்ல இல்லாதவரு இன்னிக்கு அறுபது மெயில் எப்படி அனுப்பினாரு?"

"அவருக்கு கம்ப்யூட்டர்னாலே பேஜாரு. கனெக்‌ஷன் அவரு பேர்ல கீது, அவ்ளோதான்." செல்வமேரி சாவித்ரியை உற்றுப் பார்த்தாள். "குரோம்பேட்டை மேடமா நீங்க? எழுதறது நாங்கதான். டைப் அடிக்கிறவங்களுக்குத்தானே தெரியும், எந்த எழுத்து எங்க இருக்கணும்னு."

"நாங்கன்னா?"

"எண்ணிப் பாத்துக்கோங்க."

அசரியா எண்ணினார். பன்னிரண்டு பேர்.

"அப்ப நான் போட்ட விதி?" சாவித்ரியின் குரல் இறங்கியிருந்தது.

"ஆளுக்கு அஞ்சு." செல்வமேரி சுவரிலிருந்த கரும்பலகையைக் காட்டினாள். பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஐந்து கோடுகள். "முன்னெல்லாம் நூறு, நூத்தம்பதுன்னு போட்டுகினு இருந்தோம். இப்ப ஒண்ணு தாண்டினாலும் நான் உட மாட்டேன். அறுபது ஆச்சா, போன் வயரப் புடுங்கிடுவேன்."

"கீழ பேரு போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே," என்றார் அசரியா.

"கையெழுத்து வேணாம்னு மேடம்தானே எழுதினாங்க, சார்."

அசரியா பலகையிலிருந்த கோடுகளை எண்ணத் தொடங்கினார்.

"தப்பு என்னோடது," என்றாள் சாவித்ரி. "யாரையும் நீக்கலை. சிடிதான் கைவிட்டுப் போச்சு. அந்த சேவ் பண்ற பிழை மட்டும் தெரிஞ்சிருந்தா..."

"அதுவா?" மறைமலை நகர் ஃபேக்டரியின் நீலச் சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் தலை தூக்கினார். பலகையில் கடைசிப் பெயர் அவருடையது, மாரி. "அத மூணரைக்கே புடிச்சு சரி பண்ணிட்டனே. ஆறு தடவ சேவ் பண்ணிப் பாத்தேன், அடிச்சதெல்லாம் அப்படியே கீது."

சாவித்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்புறம் ஏங்க அனுப்பலை?"

மாரி செல்வமேரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிய கோட்டா முடிஞ்சுபோச்சு, மேடம்."