நாற்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு

"மாட்டும். ஆனா வேலை செய்யாது," என்றான் மெத்தோதி, கொஞ்சமும் கூசாமல்.

அது பொய்.

விதின் ஊரில், டான்யூப் ஆற்றின் கரையில் இருக்கும் ஒரே கேமரா கடை அவனுடையது. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற நான் தினமும் அங்கே காபி குடிக்கப் போவேன். கேமராக்களோடு வரும் கையேடுகளைப் படிப்பேன், அடிக்குறிப்பு உட்பட.

எதிரே நின்றவள் பேக்கரியில் வேலை பார்க்கும் ருமியானா. கையில் மாவு. கழுத்தில் பன்னிரண்டு வருடத்துக் கேமரா.

"ஏன் வேலை செய்யாது அண்ணே? திருகினா சரியா உக்காருதே!"

"உக்காரும்மா. ஆனா இந்த ஜூம் லென்ஸ் போன வருஷம் வந்தது, உன் கேமரா அரதப் பழசு. இது சொல்றது அதுக்குப் புரியாது. தானா ஃபோகஸ் ஆகாது. எல்லாம் மங்கலாத்தான் விழும்."

"அப்ப கேமராவையும் புதுசா வாங்கணுமா?"

"அது ரொம்ப விலை. உனக்கு எதுக்கு? விட்டுடு."

'விட்டுடு' என்று சொல்லியே ஆசையைக் கிளப்புவது வியாபாரிகளின் பழைய வித்தை. எனக்கா தெரியாது?

ருமியானாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எப்படி அண்ணே விடறது? பிளாமெனோட சரக்குப் படகு மாசத்துக்கு ஒரு தடவை இந்த வழியாப் போகுது. ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார், எனக்காக. அடுப்பை அப்படியே போட்டுட்டுக் கரைக்கு ஓடுவேன். நடு ஆத்துல ஆரஞ்சுக் கலர்ல ஒரு புள்ளி கையை ஆட்டும். அந்தப் புள்ளிதான் என் புருஷன். இங்க நிறுத்தக் கம்பெனி விடலையாம். ரெண்டு வருஷமாச்சு."

"ஃபோன்ல முகம் பாத்துப் பேசலாமே?" என்றேன்.

"ஆத்துல சிக்னல் பத்தலைங்கிறார், வாத்தியாரே. குரல் மட்டும்தான். மீசை இருக்கா, எடுத்துட்டாரா, இளைச்சுட்டாரா, ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பாத்துட்டாப் போதும். இன்னைக்கு மூணு மணிக்குப் போறார்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"மெத்தோதி, நாப்பத்தேழாம் பக்கம், அடிக்குறிப்பு மூணு. பழைய கேமராவுக்குள்ள இருக்கற மென்பொருளைப் புதுப்பிச்சா இந்த லென்ஸ் பிரமாதமா வேலை செய்யும். அஞ்சு நிமிஷ வேலை."

"காபி ஆறுது, வாத்தியாரே."

"ஆறட்டும்."

மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

"அது எல்லாக் கேமராவுக்கும் இல்ல," என்றான்.

"இதுக்கு உண்டு. பட்டியல்ல ரெண்டாவது பேரே இதுதான்."

"உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு இப்பப் புரியுது."

ருமியானா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு போதாதா? அவன் கணினியில் நானே போய் உட்கார்ந்தேன். தரவிறக்கி, கார்டில் ஏற்றி, கேமராவில் செருகினேன். சரியாக நாலரை நிமிஷம். லென்ஸ் மெல்ல முனகி நகர்ந்தது. எதிர்க்கரையில், ருமேனியாவில், மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு காகம் அலகு முதல் வால் வரை தெளிவாகத் தெரிந்தது.

"ஐயோ, காக்காயோட கண்ணு தெரியுது! அவர் முகமும் தெரியுமா வாத்தியாரே?"

"முகம் என்ன, சட்டைப் பொத்தானையே எண்ணலாம். நான் வாக்குக் குடுக்கறேன்."

லென்ஸை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தில் மாவோடு ஒரு முத்தமும் வைத்துவிட்டு, ஓடினாள்.

நான் ஆறிய காபியை வெற்றியோடு குடித்தேன்.

"வித்தாச்சு இல்ல? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி? ஒரு ஏழைப் பொண்ணு தலையில புதுக் கேமராவைக் கட்டப் பாத்தியே, வெக்கமா இல்ல?"

மெத்தோதி மேஜை இழுப்பறையைத் திறந்து தன் கேமராவை எடுத்தான். ருமியானா வைத்திருந்த அதே மாடல்.

"நாப்பத்தேழாம் பக்கத்தை நானும் படிச்சேன், வாத்தியாரே. போன மாசமே மென்பொருளை மாத்தி, அதே லென்ஸை இதுல மாட்டிச் சோதிச்சேன்."

லென்ஸைச் சோதிக்க எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். கரையில் நின்று, போகிற படகின் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

அவன் காட்டிய படத்தில் படகின் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மேல்தட்டில் ஆரஞ்சு அங்கியில் பிளாமென். மீசையை எடுத்திருந்தான். இளைக்கவில்லை. ஒரு கையைக் கரையை நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் ஒரு குழந்தை. அவன் தோளில் சாய்ந்து, கரைக்கு முதுகைக் காட்டி, ஓர் இளம்பெண். பின்னால் கொடியில் சாண் நீளச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பழக்கதோஷம், எண்ணினேன். ஏழு.

"அழிக்கவும் மனசு வரல, அவகிட்டக் காட்டவும் மனசு வரல," என்றான் மெத்தோதி. "புள்ளி புள்ளியாவே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன்.

ஆற்றிலிருந்து ஹாரன் ஒலித்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

சட்டைப் பொத்தானையே எண்ணலாம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.