டியூப் வளையம்

விறகுக் கடையின் கரண்டு ரம்பம், சுவிட்சிலிருந்து விரலை எடுத்தால் நின்றுவிடும். நாள் முழுக்க அழுத்தி விரல் கடுக்கிறதென்று மாசிலாமணி சுவிட்சைச் சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கிக் கட்டியிருந்தான். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு, வளையத்தை அவிழ்க்காமலே சாப்பிடப் போனான். கூட்டாளி சவரிமுத்து ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிளக்கைச் செருகியதும் அது துள்ளியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அலறல் கேட்டு முதலில் ஓடிவந்த மாசிலாமணி, மற்ற ஆட்கள் வருமுன் வளையத்தை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"நாந்தான் தெரியாம அழுத்திட்டேன்" என்றான் சவரிமுத்து, முதலாளியிடம்.

அந்த வளையத்தை மாசிலாமணியால் எறியவும் முடியவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் பை மாறியது.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்த சவரிமுத்து, மிச்ச விரல்களால் சுவிட்சை அழுத்திப் பார்த்தான். முடியவில்லை. சிரித்தபடி திரும்பினான்.

"மாசிலா, இதக் கட்டிவைக்க ஏதாச்சும் வச்சிருக்கியா?"